துவண்டு கிடக்கும் டீமுக்கு யாரை எடுப்பது?

காவேரிப்பட்டணம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் ஆடிக்கொண்டிருந்த ஃபுட்பால் கிளப் போன சீசன் முழுக்க ஒரே ஒரு மேட்ச்தான் ஜெயித்திருக்கிறது. இருந்த கோச் விலகிவிட, கமிட்டி இவரையே கோச்சாகப் போட்டுவிட்டது. கையில் 60,000 ரூபாய். அடுத்த சீசனுக்கு நான்கு மாதம் இருக்கிறது. "பழைய ஆட்களைக் கலைத்துவிட்டு பெங்களூரிலிருந்து ஐந்தாறு நல்ல பிளேயர்களைக் கொண்டு வரலாம் என்று கமிட்டியில் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? இன்னொன்று, எங்கள் கேப்டனுக்கு 34 வயது. முன்மாதிரி ஓட முடியவில்லை. அவரை என்ன செய்வது?" இதுதான் கேள்வி.

நான் தர்மபுரிக்காரன். பாலக்கோடு பக்கம் முதலில் பள்ளிப் பையன்களுக்கும், அப்புறம் கிளப் டீம்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேலாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. உங்களுக்குப் புதிதாக வேண்டியது மூன்று பேர், அதிகம் போனால் நான்கு. அந்த நான்கு பேரும் டவுன் பஸ்ஸிலோ பைக்கிலோ தினமும் கிரவுண்டுக்கு வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான்.

முதலில் பெங்களூர் விஷயம். ஓசூர் தாண்டினால் பெங்களூர் என்பதால் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் இந்த ஆசை எப்போதும் உண்டு. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்டுக்கு கெஸ்ட் பிளேயரைக் கூட்டி வந்து பழகியவர்கள் லீகையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். செவன்ஸ் இரண்டு நாளில் முடிந்துவிடும். லீக் மாதக்கணக்கில் ஓடும். நானும் ஒரு வருஷம் இதைச் செய்து பார்த்தேன். நான்கு பேர், மேட்சுக்கு இவ்வளவு என்று பேச்சு. சனிக்கிழமை ராத்திரி வருவார்கள், ஞாயிறு காலையில் ஆடிவிட்டுக் கிளம்புவார்கள். முதல் இரண்டு மேட்ச் ஜெயித்தோம், ஊரே கொண்டாடியது. மூன்றாவது மேட்சுக்கு அதில் இரண்டு பேர் வரவில்லை. வேறு இடத்தில் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். சரி, நம் பையன்களை இறக்கலாம் என்றால், இரண்டு வாரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கிரவுண்டுக்கே வரவில்லை. அன்றைக்கு ஒன்பது பேரோடு ஆடினோம். வாரம் முழுக்கக் காலை ஐந்தரை மணிக்கு வந்து ஓடினவனை உட்காரவைத்துவிட்டு, முந்தின ராத்திரி வந்தவனுக்கு அவன் ஜெர்சியைக் கொடுத்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? அந்தப் பையன்களை மறுபடி ஒன்றுசேர்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

கமிட்டியில் யாராவது பெங்களூரு எஃப்சி உதாரணம் சொல்வார்கள். 2013ல் தொடங்கிய கிளப், முதல் சீசனிலேயே ஐ-லீக் என்ற தேசிய லீகில் சாம்பியன். உண்மைதான். அதன் பின்னால் பெரிய கம்பெனி இருந்தது, உள்ளே இந்திய கேப்டன் சுனில் சேத்ரி இருந்தார். நமக்கு ஏற்ற உதாரணம் சென்னை சிட்டி எஃப்சி. 2017-18 ஐ-லீகில் பத்து டீமில் எட்டாவது இடம். அடுத்த சீசனில், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச்சாக வந்த பிறகு, அதே கிளப் சாம்பியன். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு பாயின்ட் கூடுதல். 2019 மார்ச் 9ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் கடைசி மேட்ச். மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட, இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி ஒன்று, கௌரவ் போரா இரண்டு என்று போட்டு 3-1. ஸ்பெயினிலிருந்து வந்த நான்கு பேரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டவர், பேசத்தான் செய்வார்கள். ஆனால் அவர்களைச் சுற்றி ஓடியவர்களில் எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம் மாநிலத்துப் பையன்கள் நிறையப் பேர். வெளியிலிருந்து வந்த நான்கு பேரும் சீசன் முழுக்க அவர்களோடு கூடவே இருந்து பயிற்சி எடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போனவர்கள் இல்லை.

சரி, எந்த நான்கு பேர் என்று எப்படித் தெரியும்? ஆள் தேடக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். போன சீசனில் வாங்கின ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனாவது நிமிஷம், பந்து எங்கே பறிபோனது, கார்னரா, ஃப்ரீகிக்கா, ஓடிவந்து போட்டதா, அந்த நேரத்தில் நம் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்று எழுதுங்கள். செல்போனில் யாராவது வீடியோ எடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் பையன்களை உட்காரவைத்துக் கேளுங்கள். கோல் வாங்கினவனுக்கு அது மறக்காது. ஒரு வருஷம் நான் இப்படி எழுதியபோது, வாங்கின கோல்களில் பாதிக்கு மேல் எழுபதாவது நிமிஷத்துக்கு அப்புறம் வந்தவை என்று தெரிந்தது. அதுவரை நாங்கள் எல்லோரும் "நல்ல டிஃபெண்டர் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். டிஃபெண்டர் நன்றாகத்தான் ஆடினான். மொத்த டீமுக்கும் காலில் தெம்பு இல்லை. அந்த வருஷம் ஆளே எடுக்கவில்லை. கரகூர் ரோட்டில் இரண்டு மாதம் ஓடவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்தது, இருக்கிற ஆட்களைப் புதிதாகப் பார்ப்பது. இங்கிலாந்தில் பிரையன் கிளஃப் என்று ஒரு கோச். 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பை எடுத்தபோது அது இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்தது. 1977ல் மேலே வந்தது, 1978ல் லீக் சாம்பியன், 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பை. அந்த டீமின் உயிர்நாடி ஜான் ராபர்ட்சன் என்ற, இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் விங்கர். கிளஃப் வந்தபோது அவரை விற்றுவிடலாம் என்று லிஸ்டில் போட்டு வைத்திருந்தார்கள். உடம்பு போட்டு, அக்கறை இல்லாமல் இருந்தார். கிளஃப் அவரை விற்காமல் வைத்துக்கொண்டார். 1979 ஃபைனலில் ஜெயித்துக்கொடுத்த கோலுக்கு கிராஸ் போட்டது ராபர்ட்சன். 1980 ஃபைனலில் ஒரே கோலைப் போட்டதும் ராபர்ட்சன்தான். அதே டீமில் கென்னி பர்ன்ஸ் என்று ஒருவர். பர்மிங்ஹாமில் கோல் போடும் ஸ்ட்ரைக்கராக ஆடியவரை வாங்கி சென்டர் பேக்காக, அதாவது நடுவில் நிற்கும் டிஃபெண்டராக நிறுத்தினார்கள். 1978ல் இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரராக பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

இங்கிலாந்து வரை போக வேண்டாம் என்றால், நம் நாட்டிலேயே ரஹீம் சாகிப் இருந்தார். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து இந்திய டீமுக்கு கோச் ஆனவர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் முதல் மேட்சே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. நடுவில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டாகிவிட்டது. நாட்டிலேயே பெரிய டிஃபெண்டர் அவர். ரஹீம் அவரை வெளியே உட்காரவைக்காமல் சென்டர் ஃபார்வர்டாக ஆடவிட்டார். ஃபைனலில் அதே கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். புது ஆள் யாரும் வரவில்லை. இருந்த ஆள் இடம் மாறினார். உங்கள் டீமில் எந்த ஸ்ட்ரைக்கர் உண்மையில் சென்டர் பேக், எந்த விங்கர் உண்மையில் லெஃப்ட் பேக் என்று இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஆடவிட்டுப் பாருங்கள். அப்போது தேட வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை தானாகக் குறையும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற ஓட்டைகள் பெரும்பாலும் நம் கோலிலிருந்து எதிர் கோல் வரை நேராகப் போகும் நடு வரிசையில்தான் இருக்கும். கோல்கீப்பர், சென்டர் பேக், அவருக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர், கடைசியில் ஸ்ட்ரைக்கர். தேடுவதும் இதே வரிசையில் இருக்கட்டும். எல்லோரும் ஸ்ட்ரைக்கரில் ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் கைதட்டல் அவனுக்குத்தான். தோற்றுக்கொண்டிருக்கும் டீம் முதலில் 0-0 ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கோல்கீப்பரை ஃபுட்பால் கிரவுண்டிலேயே தேடாதீர்கள். நம் ஊர்களில் வாலிபால் நெட் கட்டாத கிராமம் குறைவு. அங்கே போய்ப் பாருங்கள். அரூர் பக்கம் ஒரு பையன், பிளாக் செய்யத் துள்ளும்போது பந்து வருவதற்குச் சரியாக அந்தக் கணத்தில் மேலே இருந்தான், முன்னும் இல்லை பின்னும் இல்லை. அந்த நேரக்கணக்கைச் சொல்லிக்கொடுக்க வருஷங்கள் ஆகும், அவனிடம் அது இருந்தது. கிராஸ் பந்தை உச்சியில் பிடிப்பது அவனுக்கு முதல் நாளே வந்தது. கீழே விழுந்து எழுவதற்கு ஒரு மாதம் பழக்கினோம். காலால் அடிப்பது கடைசிவரை சுமார்தான், அதனால் கோல் கிக்கை சென்டர் பேக் எடுத்தான். குறை ஒன்றை வேறொருவன் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் அந்த ஆளை எடுக்கலாம்.

சென்டர் பேக்கில் உயரத்தைவிட வாய் முக்கியம். மேட்ச் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பவன் வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர் டீம்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிற பையன்கள் கலந்து இருப்பார்கள். அவசரத்தில் அவனவன் வீட்டு மொழியில் கத்துவான். பக்கத்தில் இருப்பவனுக்கு அரை நொடி புரியாது, அதற்குள் கோல். முதல் வாரமே ஐந்தாறு சொல்லை முடிவு செய்துவிடுங்கள். "டைம்", "மேன் ஆன்", "லீவ்", "புஷ் அப்" என்று எல்லோருக்கும் ஒரே சொல்.

மிட்ஃபீல்டரைத்தான் தப்பாகத் தேடுவோம், ஏனென்றால் பெரிய பையன்கள் கண்ணை மறைத்துவிடுவார்கள். லெஸ்டர் சிட்டி 2014-15ல் இங்கிலீஷ் பிரீமியர் லீகில் 14வது இடம். கீழே இறங்காமல் தப்பித்ததே பெரிய விஷயம். அடுத்த சீசன் சாம்பியன். அந்த இடைவெளியில் பிரான்ஸின் கான் கிளப்பிலிருந்து எடுத்த ங்கோலோ கான்டே ஐந்தரை அடி உயரம்தான். ஜேமி வார்டி 2012ல் லீகுக்கே வெளியே ஆடிக்கொண்டிருந்த ஃப்ளீட்வுட் டவுனிலிருந்து வந்தவர். ரியாத் மஹ்ரெஸ் பிரான்ஸ் இரண்டாம் டிவிஷனிலிருந்து வந்தவர். மற்றவர்கள் குள்ளம், ஒல்லி, வயது ஆகிவிட்டது என்று கடந்து போன ஆட்கள்தான் மூன்று பேரும். நம் பள்ளிகளில் இதே தவறு இன்னொரு விதமாக நடக்கிறது. வயதுக் கணக்கு ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பதிமூன்று வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது அரை அடி உயரமாகக்கூட நிற்கும். பெரியவனை எடுப்போம், சின்னவன் வீட்டுக்குப் போய்விடுவான். பதினெட்டு வயதில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும், ஆனால் அவன் அதற்குள் பந்தை விட்டிருப்பான். அப்படி விட்டுப் போனவர்களை உடற்கல்வி ஆசிரியர்களிடம் பெயர் கேட்டுத் தேடுங்கள். குறுவட்டப் போட்டிகளுக்கும் போங்கள், முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிக்கும் போங்கள். அங்கே 0-5 என்று தோற்கிற டீமில் கடைசிவரை ஓடுபவன் யார் என்று பாருங்கள்.

நான் எடுத்ததிலேயே நல்ல ஆள் அப்படித்தான் கிடைத்தான். மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு செவன்ஸ். எல்லோரும் எதிர் டீம் ஸ்ட்ரைக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒல்லியாக இருந்த ஒரு பையனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து அவனிடம் வருவதற்கு முன் இரண்டு தடவை திரும்பினான், இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. பந்து வந்தபோது உடம்பைப் பாதி திருப்பி வைத்திருந்தான். தூரத்துக் காலால் தொட்டான், அடுத்த தொடுதலில் பந்து போய்விட்டது. ஒவ்வொரு முறையும் அப்படியே. இரண்டாம் பாதியில் அவன் கொடுத்த ஒரு பாஸ் தப்பிப்போய் கோலாகிவிட்டது. யாரையும் பார்க்காமல் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினான். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

மறுநாள் விசாரித்தால் பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறான். போய்ப் பார்த்தேன், தலையில் பெட்டியோடு நின்றான். காலைப் பயிற்சிக்கு அவனால் வரவே முடியாது, அதுதான் அவனுக்கு வேலை நேரம். எட்டு மாதமாக எந்த டீமும் அவனைச் சேர்க்காததற்கு இதுதான் காரணம். நான் வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். மண்டிக்காரரிடம் ஞாயிறு மட்டும் சீக்கிரம் விடச் சொல்லிக் கேட்டேன், அவரும் விட்டார். ஆறு சீசன் எங்களுக்கு ஆடினான்.

வேலை நேரம் என்பது உங்கள் ஊரில் இன்னும் முக்கியம். ஓசூர் கம்பெனிகளுக்குப் போகும் பையன்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். இரண்டு சென்டர் பேக்கும் ஒரே ஷிஃப்டில் இருந்தால் சேர்ந்து பழகுவார்கள், அது நல்லது. கோல்கீப்பரும் மாற்றுக் கோல்கீப்பரும் ஒரே ஷிஃப்டில் இருந்தால் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள். மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரி வேலைக்குப் பாதிப்பேர் போய்விடுவார்கள். அவர்கள் மேல் கோபப்பட நமக்கு உரிமை இல்லை. ஆளை எடுக்கும்போதே என்ன வேலை, எந்த மாதம் கஷ்டம் என்று கேட்டு அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ட்ரையல் வைப்பீர்கள். நூறு பேரை வரச்சொல்லி பதினொரு பேராகப் பிரித்து ஆடவிடாதீர்கள், பாதிப் பேருக்குப் பந்தே வராது. சின்ன கட்டம் போட்டு நான்குக்கு நான்கு ஆடவிடுங்கள், ஒளிய இடம் இருக்காது. இரண்டு நாள் வையுங்கள். பந்து பறிபோனதும் அடுத்த மூன்று நொடி என்ன செய்கிறான் என்று மட்டும் பாருங்கள். முடிவில் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, "நாளைக்கு உன் பக்கத்தில் ஒருவன் ஆடலாம் என்றால் யார் வேண்டும்?" என்று எழுதச் சொல்லுங்கள். அதிகச் சீட்டில் வரும் பெயர், கோல் போட்டவன் பெயராகப் பெரும்பாலும் இருக்காது. கூட ஆடுகிறவனுக்குத் தெரிவது வெளியே நிற்கும் நமக்குத் தெரியாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போட யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். பஸ் காசு, பயிற்சி முடிந்ததும் முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலை, கால் அளவுக்குச் சரியான ஸ்டட்ஸ், பந்துகள். கொஞ்சம் தள்ளி இருக்கும் ஊர்ப் பையன் என்றால் கடைசி பஸ் போய்விட்டால் தங்க ஒரு இடம். பதிவு செய்யும்போது பழைய கிளப்பிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். வயதைக் குறைத்து யாரையும் ஆடவிடாதீர்கள், அவன் ஆடுகிற இடம் ஒரு சின்னப் பையனுடையது.

ஆளை எடுப்பது என்றால் வீட்டுக்குப் போவதுதான். அம்மா கேட்பார்கள், "இதுல என் புள்ளைக்கு என்ன சார் கிடைக்கும்?" அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் உண்டு. ஆனால் அதெல்லாம் மேல்மட்டப் போட்டிகள் வரை போய் சான்றிதழ் வாங்கினவர்களுக்கு. அதை அப்படியே சொல்லுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பையனைக் கூட்டி வந்தால், அந்த வீட்டு வாசலை நீங்கள் திரும்ப மிதிக்க முடியாது. அவர் கண்ணைப் பார்த்து, "உங்கள் பையனை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புவேன், அடிபட்டால் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான அம்மாக்களுக்கு அது போதும்.

கடைசியாக உங்கள் கேப்டன். 34 வயதில் தொண்ணூறு நிமிஷம் மிட்ஃபீல்டில் ஓட முடியாதுதான். ஆனால் தோற்ற சீசன் முழுக்கக் கிரவுண்டை விட்டுப் போகாமல் இருந்திருக்கிறார். சென்டர் பேக்கில் ஒரு வேகமான பையனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஓடுவதை அவன் பார்த்துக்கொள்வான், எங்கே நிற்க வேண்டும் என்பதை இவர் சொல்லுவார். அது ஒத்துவரவில்லை என்றால் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசி இருபது நிமிஷம் இறக்குங்கள். எதுவானாலும் ட்ரையலுக்கு முந்தின வாரமே அவர் வீட்டுக்குப் போய் நேரில் பேசிவிடுங்கள். கமிட்டிக்காரர் யாராவது டீக்கடையில் சொல்லி அவர் காதுக்குப் போகக் கூடாது. பேசிவிட்டு, ட்ரையல் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவையுங்கள், நோட்டை அவர் கையில் கொடுங்கள். அந்தப் பையன்களில் பலரை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்கும்.